அத்தையின் வேண்டுதல்

"பாவம் லா அந்தப் பொண்ணு! பிரிக்ஃபீல்ட்ஸ்ல வேலை முடிஞ்சு, கிள்ளான் வரைக்கும் கொமுட்டர் ரயில்ல நின்னுக்கிட்டே வருது. வந்ததும் வராததுமா கோயிலுக்கு நடத்தியே கூட்டிட்டுப் போறீங்களே சீதாக்கா!"

பக்கத்து வீட்டு மலர் கேட்டே விட்டாள்.

"வேண்டுதல் மலரு. மாமியாரும் மருமகளும் சேர்ந்து நடக்கணும். கார்ல ஏறக் கூடாது" என்றாள் சீதாலெட்சுமி.

மருமகள் குமுதா பல்லைக் கடித்துக்கொண்டு செருப்பை மாட்டினாள். வேண்டுதல் தொடங்கியதிலிருந்து வீட்டில் பொரித்த கோழி கிடையாது, இனிப்பான தே தாரிக் டீ கிடையாது. தட்டில் சோறு கொஞ்சம், கீரையும் காயும் மலையளவு. பிள்ளை பெறாதவளுக்கு மாமியார் கொடுக்கும் தண்டனை, வேறென்ன?

அவள் கவலை அவளுக்கு. கருத்தரிப்பு கிளினிக்கில் டாக்டர் சொன்னதைக் கணவன் சுகுமாறனிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள்.

"இந்த எடையில கருமுட்டை வளர ஊசி மருந்து அதிகமா வேணும். அப்படிப் போட்டாலும் நல்லா வளருமான்னு சொல்ல முடியாது. கொஞ்சம் எடையைக் குறைச்சிட்டு வாங்க, ஆரம்பிக்கலாம்."

"அத்தைக்குத் தெரியவே வேணாங்க. அவங்க வாயால குண்டுன்னு கேட்டா என்னால தாங்க முடியாது" என்று அன்று அறைக்குள் தேம்பித் தேம்பி அழுதாள்.

சில மாதங்கள் போயின. எடை பார்த்த டாக்டர் சிரித்துவிட்டார்.

"பரவாயில்லையே! இப்ப சாதாரண அளவு ஊசியே போதும். அடுத்த மாதவிடாய் வந்ததும் ஆரம்பிச்சிடலாம்."

குமுதா வீட்டுக்கு ஓடி வந்து மாமியாரைக் கட்டிக்கொண்டாள். அத்தனை நாள் கோபமும் எங்கே போனதோ!

"அத்தை, ஊசி போடப் போறாங்க! உங்க வேண்டுதல் பலிச்சிடுச்சு. என்னன்னு வேண்டிக்கிட்டீங்க?"

மூட்டுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த சீதாலெட்சுமி திருதிருவென்று விழித்தாள்.

"வேண்டுதலாவது ஒண்ணாவது! அன்னிக்கு நீ ரூம்ல சொல்லிச் சொல்லி அழுதது என் காதுல விழுந்துச்சும்மா. உடம்பைக் குறைன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அதான் சாமி பேர்ல ஒரு பொய் சொன்னேன்."

குமுதா தைலத்தை வாங்கி அத்தையின் மூட்டில் தானே தேய்த்துவிட்டாள். கண் நிறைந்துவிட்டது.

"அழாத. செருப்பை மாட்டு. பொய் வேண்டுதலுக்கு முருகன்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு, இன்னிக்காவது நிஜமா ஒண்ணு வேண்டிக்கிட்டு வருவோம்!"