ஃபோர்மேனுக்கு ஒரு போன்

அம்பத்தூர் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்திய அந்தோணிராஜுக்கு, உள்ளே மனைவி போனில் யாரையோ திட்டுவது கேட்டது. மனு போட்டு வருடக்கணக்கில் காத்திருந்த போன் அன்றைக்குத்தான் வீட்டுக்கு வந்திருந்தது.

“மிஸ்டர் கஜபதி, ஃபோர்மேன்னா பெரிய கொம்பா? எல்லார் எதிரிலயும் எங்க வீட்டுக்காரரைத் திட்டுறீங்களாமே! மத்தியானம் ஸ்டோர் ரூம்ல நீங்க குறட்டை விடுறது ஊருக்கே தெரியும்!”

பாய்ந்து போய் ரிசீவரைப் பிடுங்கி வைத்தான்.

“அடிப்பாவி! என் பிரமோஷனே அவர் கையில கீது. குடியைக் கெடுத்தியே!”

ஜெயகுமாரி சாவகாசமாக முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“தினமும் அந்தாளை நினைச்சு நீங்க புலம்புறதைக் கேட்டு எனக்குத்தான் நெஞ்சு அடைக்குது. இன்னிக்கு எல்லாத்தையும் கொட்டிட்டேன். மனசு எவ்வளவு லேசா இருக்கு தெரியுமா?”

“உனக்கு லேசா இருக்கும். நாளைக்கு நான் எந்த மூஞ்சியோட வேலைக்குப் போறது?”

“இதே மூஞ்சியோட போங்க. லைன்மேன் போன் பெட்டியை மட்டும்தான் வச்சுட்டுப் போயிருக்கான். கம்பி இழுக்க அடுத்த வாரம் வருவானாம்.”

அந்தோணிராஜ் நாற்காலியில் சரிந்தான். பிறகு ரிசீவரை எடுத்துத் தொண்டையைக் கனைத்தான்.

“ஹலோ, அத்தைங்களா? உங்க பொண்ணு வைக்கிற மீன் குழம்பைப் பத்தி ரொம்ப நாளா ஒண்ணு சொல்லணும்...”