வடிவம்மாள் சொன்ன பெயர்
சாரல் ஓய்ந்த ஆய்க்குடிக் குளத்தில் வெயில் மினுங்குகிறது. கொழும்பில் வெள்ளைக்காரர்களின் மல்லாக்க நீச்சலைப் பார்த்துவிட்டு வந்த ஜவுளி வியாபாரி கிதிர் முகம்மது வைத்த போட்டி. ஆறு ஆண்கள் வானத்தைப் பார்த்தபடி கைகளைச் சுழற்றி வருகிறார்கள். முந்தி வரும் மாசானம் திசை தப்பி, பாதி முங்கிய பாறைக்கு நேராகத் தலை கொடுக்கிறான். "ஏலே, விலகுலே!" என்று கரையே கத்துகிறது. ஆறு பேரில் யாரைச் சொல்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியவில்லை. அவன் மனைவி வடிவம்மாள், கல்யாணமாகி எட்டு வருஷமாக அவன் பெயரை வாயால் சொல்லாதவள், இடுப்பளவு நீரில் இறங்கி அலறுகிறாள்: "மாசானம்! சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்க!" அவன் சட்டென்று திரும்ப, பாறை ஒரு சாண் தள்ளிப் போகிறது. மற்ற ஐவரும் அவனைக் கடந்து கரையேறுகிறார்கள். அவன் மட்டும் மல்லாந்து மிதந்தபடியே சிரிக்கிறான். "வெளிய வாங்க" என்கிறாள் வடிவம்மாள், முகம் சிவந்து. "பேரைச் சொல்லிக் கூப்பிடுட்டி, வாரேன்."