நொட்டாங்கை

"ரெண்டு அடி போட்டாச்சும் இவளைச் சோத்துக்கையில எழுத வைங்க டீச்சர். எந்நேரமும் நொட்டாங்கையில கிறுக்கிக்கிட்டு இருக்கா!"

வகுப்பு வாசலில் நின்று மூச்சு வாங்கினாள் செல்லக்கனி. ஒரு கையில் தூக்குவாளி, மறு கையில் மகள் மாரிசெல்வியின் இரட்டைக்கோடு நோட்டு. பட்டாசு ஆபீஸ் என்று ஊரில் சொல்லும் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன், ரோட்டில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

ஆர்த்தி டீச்சர் நோட்டை வாங்கிப் புரட்டினாள். 'அ' குப்புறக் கிடந்தது. 'ழ'வின் வால் அடுத்த வரிக்குப் போய்விட்டிருந்தது.

"ஒண்ணாப்புல முத்து முத்தா எழுதுனவ. இந்த வருசந்தான் இந்தக் கூத்து. எங்க வீட்டு நெலம உங்களுக்கு..."

"இருங்கம்மா, நான் சொல்றதக் கொஞ்சம் கேளுங்க." ஆர்த்தி இடைமறித்தாள். அவள் ஜூனில்தான் காரியாபட்டியிலிருந்து அச்சங்குளத்துக்கு மாற்றலாகி வந்தவள். "இதெல்லாம் பிறவியிலேயே வர்றது. நானும் இடது கைக்காரியாப் பொறந்தவதான். ஸ்கேலால அடிச்சு அடிச்சே மாத்திட்டாங்க. அஞ்சாப்பு வரைக்கும் பென்சிலைப் பாத்தாலே ஓடி ஒளிஞ்சுக்குவேன். என் வகுப்புல ஒரு பிள்ளைக்கு அப்படி நடக்க விடமாட்டேன்."

"நீங்க சொல்றது சரிதான் டீச்சர். ஆனா இவ இப்படி எழுதுறத அவ அப்பா பாத்தாகன்னா..."

"அவரை வரச் சொல்லுங்க. நான் பேசுறேன்."

"அவுக வெளிய எங்கயும் வரமாட்டாக." செல்லக்கனிக்குக் கண் கலங்கிவிட்டது. மறுபடியும் ஹாரன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேனைப் பார்த்து ஓடினாள்.

பெற்ற பிள்ளை எழுதுவதைக்கூடப் பொறுக்காத முரட்டு மனிதர் போலிருக்கிறது என்று ஆர்த்தி நினைத்துக்கொண்டாள். சுவரோரமாக நின்ற மாரிசெல்வியைப் பக்கத்தில் இழுத்து, தலையைத் தடவினாள்.

"பயப்படாத. நீ இடது கையிலயே எழுது. நான் சொல்லித் தர்றேன்."

அந்தப் பிள்ளையின் முகத்தில் வந்த வெளிச்சம் ஆர்த்தியை அசர வைத்தது. "நெசமாவா டீச்சர்? எல்லா எழுத்துமா?"

அன்றிலிருந்து தினமும் மதியச் சாப்பாடு முடிந்ததும் இருவரும் ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். இருபது வருடமாக எழுதாத இடது கையில் பென்சிலைப் பிடித்தபோது ஆர்த்திக்கே கோடு கோணலாகத்தான் வந்தது. முதலில் ட, ப, ம. கோடு பிடிபட்ட பிறகு வளைவுகள்.

"நோட்டோட தலைப்பக்கத்த வலது பக்கமாச் சாய்ச்சு வை. பென்சிலைக் கூருக்குக் கொஞ்சம் மேல தள்ளிப் பிடி. அப்பத்தான் எழுதுனது கைக்குள்ள மறையாது."

மாரிசெல்வி ஒவ்வொன்றையும் வாய்க்குள் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். இடது கையால் எழுதும்போதெல்லாம் வலது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வாள். நோட்டு நழுவி நழுவிப் போகும்.

"அந்தக் கையால நோட்டைப் பிடிச்சுக்கம்மா."

"பிடிக்காம எழுதச் சொல்லிக் குடுங்க டீச்சர்."

ஆர்த்தி சிரித்துவிட்டாள். பிள்ளைகளுக்கு என்னென்ன பிடிவாதம்! போர்டு துடைக்கும் டஸ்டரை எடுத்து நோட்டின் ஓரத்தில் பாரமாக வைத்தாள்.

ஒரு மாதத்தில் எழுத்து நிமிர்ந்து உட்கார்ந்தது. 'ஞ'வும் 'ழ'வும்கூட ஒழுங்காக வந்தன. தன் சின்ன வயதில் யாரும் தனக்குச் செய்யாததை ஒரு பிள்ளைக்குச் செய்துவிட்டோம் என்று ஆர்த்திக்கு மனது நிறைந்திருந்தது.

திங்கட்கிழமை காலை. சொல்வதை எழுதுதல். வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டே வரிசைகளுக்கு நடுவில் நடந்து வந்த ஆர்த்தி, மாரிசெல்வியின் அருகில் வந்ததும் நின்றுவிட்டாள்.

மாரிசெல்வி வலது கையில் எழுதிக்கொண்டிருந்தாள். வேகமாக, முத்து முத்தாக.

ஆர்த்தி சட்டென்று குனிந்து அவள் காதோரமாகக் கேட்டாள். "யாரு மாத்துனது? அப்பா அடிச்சாரா?"

"இல்ல டீச்சர்."

"அம்மாவா? பயப்படாமச் சொல்லு."

"யாரும் அடிக்கல டீச்சர். எனக்கு எப்பவுமே சோத்துக்கைதான் நல்லா வரும்."

"பிறகு எதுக்கு ஒரு மாசமா என்கிட்ட இடது கையில கத்துக்கிட்ட?"

மாரிசெல்வி அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "முழுப்பரீட்சை லீவுல பட்டாசு ஆபீஸ் வெடிச்சதுல அப்பாவுக்குச் சோத்துக்கை போயிருச்சு டீச்சர். நீங்க சொல்லிக் குடுத்தத எல்லாம் தெனமும் சாயங்காலம் அம்மா வர்றதுக்குள்ள அவருக்குச் சொல்லிக் குடுத்தேன். நேத்தோட எல்லா எழுத்தும் அப்பாவுக்கு வந்திருச்சு!"