நெஞ்சில் குத்திய எண்

"புலி மாதிரி வளர்த்தேன், இப்படிப் பூனை மாதிரி நடுங்குறியேடா!" என்றபடி அக்கா அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

"ராணுவ அதிகாரி தேர்வுன்னா விளையாட்டாக்கா? இன்னைக்கு முடிவு சொல்ற நாள். ராத்திரி பூரா பொட்டுத் தூக்கம் இல்ல."

"முதல் தடவைன்னா அப்படித்தான்."

"பேரே கிடையாதுக்கா. நெஞ்சுல குத்தின நம்பர்தான். நம்பர் வராதவங்க பெட்டியத் தூக்கிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்."

"நம்பர் வரலன்னா மனுஷன் இல்லன்னு ஆயிடுமா? சாமியக் கும்பிட்டுட்டுப் போ."

கூடத்தில் இளைஞர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவன் மேடையேறினான். தேர்வுக் குழுவில் புதிதாகச் சேர்ந்த அதிகாரி அவன்; முடிவை அறிவிப்பது அன்றுதான் முதல் தடவை.

தேறியவர்களின் எண்களை வாசித்தான். வழக்கப்படி அத்துடன் வெளியேறியிருக்க வேண்டும். ஆனால் கீழே இறங்கி, தலைகுனிந்தபடி நெஞ்சில் குத்திய எண் துணியைக் கழற்றிக்கொண்டிருந்த ஓர் இளைஞனிடம் போனான்.

"குழுச் சோதனையில சுவர் ஏறினப்போ எல்லாருக்கும் தோள் கொடுத்துட்டு நீங்க கடைசியா ஏறினீங்க. நான் பார்த்தேன். உங்க பேரென்ன தம்பி?"

இளைஞன் நிமிர்ந்து நின்று தன் பெயரைச் சொன்னான். அவன் கையைக் குலுக்கிவிட்டு, அதிகாரி எண் வராத அடுத்தவனின் நாற்காலியை நோக்கி நகர்ந்தான்.