கேமரன் மலைக்குப் போன மகள்

பிரிக்பீல்ட்ஸ் வழக்கறிஞர் ஜானிஸின் அறைக்குள் குணாளன் மூச்சிரைக்க நுழைந்தார்.

"என் மகளை ஒருத்தன் கேமரன் மலைக்குக் கூட்டிட்டுப் போயிட்டான் மேடம்! போலீஸ்ல ரிப்போர்ட் பண்ணலாமா?"

"பதறாதீங்க அங்கிள். மகளுக்கு என்ன வயசு?"

"இருபத்தாறு."

"விரும்பித்தான் போனாங்களா?"

"சிரிச்சிக்கிட்டே காடியில ஏறிப் போனா!"

"பையன் யாரு?"

"தர்வின். ரெண்டு பேரும் சேர்ந்து வீட்டு லோன் எடுக்கணும்னு போன மாசம்தான் ரெஜிஸ்டர் கல்யாணம் பண்ணி வச்சோம்."

ஜானிஸ் பேனாவைக் கீழே வைத்தார்.

"அங்கிள், சட்டப்படி அவரு உங்க மருமகன்லா!"

"கோயில்ல தாலி கட்டுறது தை மாசம்தானே மேடம்! அதுவரைக்கும் அவங்கவங்க வீட்டுலதான் இருக்கணும்னு என் சம்சாரம் சொல்லியிருந்தா."

"சட்டத்துல அப்படி ஒண்ணும் இல்லையே!"

"அப்பாடா! அதை என் சம்சாரத்துக்கு நீங்களே போன்ல சொல்லிடுங்க. ரெஜிஸ்டர் கல்யாணத்துல நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டதாலதான் இப்படி ஆச்சுன்னு நேத்துலேர்ந்து எனக்குச் சோறே போடல!"