விலை போகாதவர்

இருபது வருட சர்வீஸில் ஒரு டீகூட ஓசியில் குடித்ததில்லை என்ற பெருமை அந்த ஓட்டுநர் தேர்வு அதிகாரிக்கு உண்டு.

“சார், அடுத்து என் வீட்டுக்காரிக்கு டெஸ்ட்” என்று குழைந்தபடி ஒருவர் மேசைமேல் ஒரு கவரை வைத்தார். மூலையில் பச்சை மைக் கறை படிந்த, நல்ல கனமான கவர்.

“பாஸ் போடணுமாக்கும்?”

“ஐயோ, ஃபெயில் போடணும் சார்! லைசென்ஸ் வந்துட்டா காரை என் கண்ணுலயே காட்டமாட்டா.”

அதிகாரிக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. “என்னையே விலை பேசுறீங்களா? எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க!”

டெஸ்ட்டில் அந்த அம்மா ரிவர்ஸ் எடுத்த வேகத்தில் மூன்று கூம்புகள் படுத்துவிட்டன. அதிகாரி சிவப்புப் பேனாவைத் திறந்தார். கை அப்படியே நின்றது. இப்போது ஃபெயில் போட்டால், அந்த ஆளிடம் காசு வாங்கிவிட்டதாகத்தானே ஊர் பேசும்?

“பாஸ்!” என்றார்.

“நாலு தடவை ஃபெயில் ஆனவ சார் நான்!” அந்த அம்மாவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அறைக்குத் திரும்பினால், அங்கே ஒரு வழுக்கைத்தலைக்காரர் காத்திருந்தார்.

“சார், அடுத்து என் மச்சானுக்கு டெஸ்ட். தயவுசெஞ்சு ஃபெயில் போட்டுடுங்க” என்று ஒரு கவரை நீட்டினார்.

மூலையில் அதே பச்சை மைக் கறை.

இருபது வருடத்தில் முதல்முறையாக அதிகாரி ஒரு கவரைப் பிரித்துப் பார்த்தார்.

உள்ளே, அளவாகக் கத்தரித்து அடுக்கிய பழைய செய்தித்தாள்.