நூலாக இறங்கும் சாறு

விஸ்கான்சின் பனி கராஜ் சன்னலுக்கு வெள்ளையடித்திருக்கிறது. இந்த முறை பியருக்கான மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியை, இரண்டு தடவை அரைத்து, கட்டி தட்டாமல் வெந்நீரில் துழாவி ஊறவைத்திருக்கிறேன். தொட்டிக் குழாயிலிருந்து இனிப்புச் சாறு நூலாக இறங்குகிறது. வாளி நிறைவதற்குள் நான் இன்னொரு முறை ரிட்டயர் ஆகிவிடலாம். என் மனைவி மார்லிஸ் கார் சாவியை ஆட்டியபடி நிற்கிறாள். "போன மூணு தடவை மாதிரி இதுவும் தண்ணியா இருந்தா, கராஜ் என் காருக்குத்தான், வெர்ன்." "ஞாபகமிருக்கு, மகாராணி." "குழாயை நல்லாத்தான் திறந்துவிடேன்!" "வேகமா விட்டா சர்க்கரையெல்லாம் தானியத்துலயே தங்கிடும்." சர்க்கரை கூடக்கூட மேலே எழும் கண்ணாடி மிதவையை குவளையில் பிடித்து ஆறவைத்த சாற்றில் விடுகிறேன். போன முறை முப்பதிலேயே முங்கிக் கிடந்தது, இன்று ஒட்டகம் போலக் கழுத்தை நீட்டி ஐம்பதில் நிற்கிறது. மார்லிஸ் குனிந்து பார்க்கிறாள். கண்ணாடி போட்டுக்கொண்டு மறுபடி பார்க்கிறாள். பிறகு சுவரில் தொங்கும் பனிச்சுரண்டியை எடுத்துக்கொண்டு, வெளியே உறைந்து நிற்கும் காரை நோக்கிப் போகிறாள்.